எனக்கு மட்டும் வந்த தீட்டு

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் சங்குச் சத்தத்தை வைத்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்திய வயதுக்காரர்கள் நாம். உங்களுக்கு ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாடி, மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் என்று எந்தத் தெருவில் குடியிருந்தாலும், தீபாவளியைவிட நமக்கு அதுதான் பெரிய நாள். வருடம் முழுக்க வாட்ச்மேன் விரட்டுகிற கேட்டுக்குள் அன்றைக்கு மட்டும் கை வீசிக்கொண்டு போகலாம்.

என் அப்பா ஒரு சின்ன கம்பெனியில் லேத் ஓட்டினார். அவரை நான் நைனா என்று கூப்பிடுவேன். முதல் நாளே மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சுக் கழிவை வைத்துத் தன் மிஷினை இடுக்கு இடுக்காகத் துடைத்துவிடுவார். மறுநாள் அதற்குச் சந்தனம், வாழைக்கன்று, சாமந்தி மாலை. எல்லா மிஷினும் நின்றிருக்கும். அந்த ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் குருவி கத்துவது அன்று ஒரு நாள்தான் கேட்கும். கற்பூரப் புகையும் கட்டிங் ஆயில் நெடியும் கலந்து ஒரு வாசனை வருமே, அதை அதற்குப் பிறகு நான் எங்கேயும் முகர்ந்ததில்லை. பொரி, கடலை, அட்டைப் பெட்டியில் இரண்டு லட்டு, கொஞ்சம் காராபூந்தி. நைனாவின் லேத்துக்குக் குங்குமம் வைப்பது மட்டும் என் வேலை. மூன்று வயதில் அவர் இடுப்பில் உட்கார்ந்து வைத்தேனாம். அதிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை.

பத்தாவது படித்த வருடம் தவறியது. அந்தப் பதினாறு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலாண்டுப் பரீட்சை முடிந்த நாள். கடைசித் தாள் கணக்கு. நன்றாக எழுதிய சந்தோஷத்தில் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். ஐந்து குடித்தனத்துக்கு ஒரே குழாய் இருந்த வீடு அது. அம்மா அந்தக் குழாயடியில் மூன்று குடம் நிரப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பையை வெளியிலேயே வைக்கச் சொன்னாள். கல் மேல் உட்காரச் சொன்னாள். யூனிஃபார்மோடு உட்கார்ந்தேன். எண்ணெய் இல்லை, சீயக்காய் இல்லை, மூன்று குடத்தையும் தலையில் கவிழ்த்தாள். மூச்சு முட்டியது. எதற்கு என்று கேட்டதற்கு, தூரத்துச் சொந்தத்தில் ஒரு சாவு, தீட்டு என்றாள். பதினாறு நாளைக்கு விளக்கைத் தொடக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது, பூ வைக்கக்கூடாது.

தலை காய்ந்த பிறகும் அவள் துவட்டிக்கொண்டே இருந்தாள். சளி பிடித்துவிடும் என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா எப்போதும் போல விளக்கு ஏற்றினாள். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் செவ்வாய்க்கிழமை. நைனா வேலை விட்டு வந்து, குளித்து, முருகன் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்ததும் வழக்கம் போல மடித்த காகிதத்தில் இருந்து விபூதியை எடுத்து என் நெற்றிக்குக் கை நீட்டினார். உள்ளேயிருந்து அம்மா "யோவ்" என்றாள். அவ்வளவுதான். அவருடைய கை என் முகத்துக்கு எதிரில் அப்படியே நின்றது. பிறகு அந்த விபூதியைத் தன் நெற்றியிலேயே இன்னொரு தடவை பூசிக்கொண்டார்.

அப்போதுதான் யோசித்தேன். செத்தது சொந்தக்காரர் என்றால் தீட்டு மூன்று பேருக்கும்தானே?

பக்கத்துக் குடித்தனத்து அக்காவிடம் போனேன். அவள் தன் பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அது வாயைத் திறக்கவில்லை. "அடம் புடிச்சன்னு வெச்சிக்க, தவுட்டுக்கு வாங்குன ஊட்லியே திருப்பிக் குடுத்துருவேன்" என்று மிரட்டினாள். குழந்தை சிரித்தது. நம் வீடுகளில் யாருக்குத்தான் இதைச் சொல்லவில்லை? நமக்கெல்லாம் தவிட்டுக்கு வாங்கின கதை ஒன்று இருக்கும். அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தோன்றியது: எங்கள் வீட்டில் யாரும் ஒரு தடவைகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எவ்வளவு கோபத்திலும், விளையாட்டுக்குக்கூட, சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் யார் செத்தது என்று அக்காவிடம் கேட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்கம்மாவயே கேளு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ஆயுத பூஜை அன்று காலை. நைனா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அம்மா தலை நிறைய சாமந்தி வைத்திருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள், பொரி கொண்டுவருகிறோம் என்று சொல்லி நைனா செருப்பு மாட்டினார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் இல்லாத தீட்டு எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

நைனா செருப்பைக் கழற்றினார். அம்மா தலையில் இருந்த பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அந்தப் பூவைப் பார்த்தே சொன்னாள்.

"பெத்தவளுக்குப் பொண்ணு தல முழுவணும். அத்த மட்டும் என்னால தடுக்க முடில."

யோசித்துப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். பதினைந்து வருடம் தெருவையே வாயடைக்க வைத்துக் காப்பாற்றிய ரகசியம். ஒரு தடவை குளிக்க வைக்காமல் விட்டிருந்தால் போதும், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் செத்தவளுக்குச் சேர வேண்டியதை மறைக்க அம்மாவுக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு நைனாதான் எல்லாவற்றையும் சொன்னார். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் குழந்தை இல்லை. குத்தம்பாக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதாகப் பிறந்தவள் நான். இரண்டு வீட்டுக்கும் தெரிந்த ஒரு நர்ஸ் பேசி முடித்தாள். பதினோராம் நாள் என்னை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது, இவர்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று பேச்சு. இரண்டு பக்கமும் அதைக் காப்பாற்றினார்கள், அந்த மாதம் வரைக்கும்.

அந்த மாதம் குத்தம்பாக்கத்தில் இருந்து ஓர் ஆள் சைக்கிளில் இரண்டு தடவை வந்துபோனான். என்னைப் பெற்றவரின் தம்பி. இரண்டாவது தடவை வந்தது, என்னைப் பெற்றவள் செத்துப்போனாள் என்று சொல்ல. முதல் தடவை வந்தது அதற்கு ஒரு வாரம் முன்னால், அவள் உயிரோடு இருந்தபோது. கடைசியாக ஒரு தடவை அந்தப் பெண்ணைக் கண்ணில் காட்டுங்கள் என்று கேட்க.

"நீ இன்னா சொன்ன?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"பரீச்ச நடக்குது, முடிஞ்சதும் இட்டுகினு வரேன்னு சொன்னேன்."

அந்தக் கணக்குத் தாளில் தொண்ணூற்றொன்று வாங்கினேன். விடைத்தாளைக் கொடுத்தபோது டீச்சர் முதுகில் தட்டினாள். அதை எங்கே கிழித்துப் போட்டேன் என்று நினைவில்லை.

அன்று அவர்கள் இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகவில்லை. லேத்துக்கு யாரோ குங்குமம் வைத்திருப்பார்கள். மத்தியானம் உடன் வேலை செய்கிறவர் ஒருவர் பொரிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அது பிரிக்காமலேயே நமுத்துப்போயிற்று.

அதற்குப் பிறகு வந்த நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. விடுமுறை வேறு. அம்மாவுக்கு வீட்டிலேயே இனிப்புக் கடைக்கு அட்டைப் பெட்டி மடித்துக் கொடுக்கும் வேலை. அவள் கூடத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டே இருப்பாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். பெட்டி மடிகிற சரக் சரக் சத்தம்தான் வீட்டில் கேட்கும். தெருவில் எல்லோரும் எனக்கு நைனாவின் மூக்கு என்பார்கள். கண்ணாடியில் பார்த்தேன். எப்படி அவ்வளவு பேரும் கூசாமல் சொன்னார்கள்? அதுவரை பக்கத்து அக்கா, எதிர்வீட்டுத் தாத்தா, கடைக்காரர் என்று இருந்தவர்கள் எல்லாம் எனக்கு முன்னாலேயே என்னைப் பற்றித் தெரிந்தவர்களாக மாறிவிட்டார்கள். வெளியே போகவே பிடிக்கவில்லை.

ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் நோட்டுகளுக்கெல்லாம் புதிதாகப் பழுப்பு அட்டை போட்டேன். லேபிள் ஒட்டி எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிட்டது. இனிஷியல். பெயருக்கு முன்னால் நாம் யோசிக்காமல் போடுகிற ஓர் எழுத்து. யாருடைய எழுத்து? குத்தம்பாக்கத்து ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எட்டு நோட்டிலும் வெறும் பெயரை மட்டும் எழுதி அடுக்கி வைத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நைனா வேலை விட்டு வந்து முதல் நோட்டை எடுத்துப் பார்த்தார், இரண்டாவதை எடுத்துப் பார்த்தார். எண்ணெய்க் கறை படிந்த விரல் லேபிளில் படாமல் ஓரமாகப் பிடித்திருந்தார்.

"பேரு மட்டும் போதும்னா அப்டியே கெடக்கட்டும்" என்றார். "டீச்சரு கேட்டா நான் வந்து சொல்லிக்கிறேன்."

அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் மகளுக்கு இந்த வருடம் பொதுத் தேர்வு. போன மாதம் எனக்குத் தைராய்டு என்று டாக்டரிடம் போனபோது அவளும் கூட வந்தாள். உங்கள் அம்மாவுக்கு இருந்ததா என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்று என் வாயில் வந்துவிட்டது. பாட்டிக்கு இல்லையே என்று மகள் சொன்னாள். ஆட்டோவில் திரும்பும்போது, ஏன் தெரியாது என்று சொன்னாய் என்று விடாமல் கேட்டாள். "பரீட்சை முடியட்டும்டி, சொல்றேன்" என்றேன். சொன்ன வாயை மூட முடியவில்லை. அந்த வார்த்தை முப்பத்தைந்து வருடம் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே மகளிடம் சொல்லிவிட்டேன். பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

குத்தம்பாக்கத்தில் பதினாறாம் நாள் காரியம். போக விருப்பமா என்று நைனா கேட்டார். போகிறேன் என்றேன். என் குரலில் ஒரு வீம்பு இருந்தது எனக்கே தெரியும். காலையில் நாங்கள் கிளம்பும்போது அம்மா நைனாவிடம் ஒரு ரெக்சின் பையைக் கொடுத்தாள். தேங்காய் பழம் என்று நினைத்தேன்.

பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், திருமழிசை தாண்டி இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. இப்போது அந்தப் பக்கம் பெரிய பேருந்து நிலையம் வந்திருக்கிறது. அப்போது இரண்டு பக்கமும் நெல் வயல். ஊர் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு மதகு இருந்தது. நைனா அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். "வாக்கு குடுத்துகீறோம். நான் உள்ள வரக்கூடாது. நீ போய்ட்டு வா. எவ்ளோ நேரம் ஆனாலும் இங்கதான் குந்திகினு இருப்பேன்" என்றார்.

பந்தல் போட்ட வீடு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு விளக்கு, அதற்குப் பின்னால் மடித்து வைத்த ஒரு பச்சைப் புடவை. படம் இல்லை. வாழ்நாளில் ஒரு தடவையும் போட்டோ எடுத்துக்கொள்ளாதவள் என்றார்கள். அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் நான் போயிருந்தேன். அதைப் பெரியக்காவிடம் சொன்னேன். ஐந்து பேரில் மூத்தவள், இடுப்பில் குழந்தை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"எங்க நாலு பேருக்கும் அப்பன் ஜாட. நீதான் அம்மாவ அப்டியே உரிச்சிகினு வந்துகீற. கண்ணாடிய பாத்துக்க, அவ்ளோதான்."

என்னைப் பெற்றவர் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மொட்டையடித்த தலை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். எத்தனையாவது படிக்கிறாய் என்று கேட்டார். பத்தாவது என்றேன். நல்லாப் படி என்றார். தூண் பக்கமாகத் திரும்பி யாரையோ கூப்பிட்டு, "அந்தப் பொண்ண மொதப் பந்தியில ஒக்கார வெய்யி, தூரம் போவணும்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு இன்று அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காரிய வீட்டில் முதல் பந்தி யாருக்கு என்று நமக்குத் தெரியும். வந்தவர்களுக்கு. வீட்டுப் பெண்கள் கடைசியில்தான் உட்காருவார்கள். நான்கு அக்காக்களும் பரிமாறினார்கள். நான் விருந்தாளிகளோடு உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்தேன். யாரும் இரு என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

மதகில் நைனா விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். தூறல் ஆரம்பித்தது. நனையாதே என்று பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்து என் தலையில் போட்டார். அது என்னுடைய துண்டு. பைக்குள் பார்த்தேன். என் இரண்டு தாவணி, யூனிஃபார்ம், சீப்பு, ஜாமெட்ரி பாக்ஸ், கணக்குப் புத்தகம். எல்லாம் ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தது.

"இது இன்னாத்துக்கு?"

நைனா பையின் ஜிப்பை மூடினார். அது பாதியில் சிக்கியது. "உங்கம்மாதான் எட்த்து வெச்சா. அங்கியே இருக்கறன்னு நீ சொல்லிட்டா, துணிமணிக்கு அல்லாடக் கூடாதுன்னு."

திரும்பும் பஸ்ஸில் பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பையைத் தரையில் வைக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றார். அங்கே ஒரு வீட்டில் எனக்கு முதல் பந்தி. இங்கே ஒரு வீட்டில் பெட்டி கட்டியாயிற்று. பதினைந்து வயதில் கணக்கு இப்படித்தான் வந்தது. பூந்தமல்லியில் பஸ் மாறும்போது, பேசாமல் வேறு எங்காவது போகிற பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன். எந்த ஊர்ப் பெயரும் தெரியவில்லை.

மண்ணூர்பேட்டைக்கு வந்து சேரும்போது பொழுது சாயும் நேரம். அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் கிட்ட வரவில்லை. நைனாவின் தோளில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். குழாயடியில் நானே மொண்டு ஊற்றிக்கொண்டு, உடை மாற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

பசி வயிற்றைக் கிள்ளியது. அடுப்பங்கரைக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தேன். அரிசி களைவது தினமும் என் வேலை என்பதால் எங்கள் மூன்று பேர் சோறு அந்தப் பானையில் எந்த நசுங்கல் வரைக்கும் வரும் என்று எனக்குத் தெரியும். சோறு அதற்கு வெகு கீழே இருந்தது. அது இரண்டு பேருக்கான சோறு.

மூடியைக் கையில் பிடித்தபடியே திரும்பினேன். அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"நான் திரும்பி வருவேன்னு நீ நெனைக்கவே இல்ல, இல்ல?"

அம்மா என் கையிலிருந்து மூடியை வாங்கினாள். மூடவில்லை. அதையும் கையிலேயே வைத்திருந்தாள்.

"மூணு பேருக்கு வெச்சு, நீ வராம போய்ட்டன்னா, அந்த மீந்த சோத்த நான் இன்னாடி பண்ணுவேன்?"

அவள் அழவில்லை. உண்மையிலேயே என்னிடம் பதில் எதிர்பார்ப்பது போலக் கேட்டாள். அந்தச் சோற்றோடு அவள் பகல் முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறாள்; அரிசியை அளப்பதற்கு முன்னால் எத்தனை தடவை டின்னுக்குள் கையை விட்டு எடுத்தாளோ. இன்று ஒரு பெண்ணை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அது புரிகிறது.

மூலையில் இருந்த அரிசி டின்னைத் திறந்து, ஓர் ஆழாக்கு அளந்து முறத்தில் கொட்டினேன். அம்மா சட்டென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரேசன் அரிசி, கல்லு கெடக்கும்" என்று என் கையிலிருந்து முறத்தை வாங்கிக்கொண்டாள். வாசல் வெளிச்சத்துக்கு நேராக அதைத் திருப்பிப் பிடித்துப் பொறுக்க ஆரம்பித்தாள். நைனா ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தார். முதலில் வைத்த சோறு பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்க, புதுச் சோறு வேகும் வரைக்கும் மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.